உதகை தாவரவியல் பூங்காவும் முதுமலை வனமும்: செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உதகை அரசு தாவரவியல் பூங்காவையும் முதுமலையையும் ஏன் ஒரே பயணத்தில் பார்க்கச் சொல்கிறீர்கள்?

இரண்டும் ஒரே மாவட்டத்தில், மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தொலைவில் இருப்பது ஒரு காரணம். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பூங்காவில் நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. மனிதன் தேர்ந்தெடுத்து, நட்டு, வெட்டிச் சீராக்கி வளர்த்தவை. முதுமலையில் நிற்பவையோ மழையும் மண்ணும் காட்டுத் தீயும் யானையும் சேர்ந்து தேர்ந்தெடுத்தவை. ஒன்றைப் பார்த்த கண்ணோடு மற்றொன்றைப் பார்த்தால்தான் நீலகிரிக்குக் கடந்த இருநூறு ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்பது தெளிவாகும். அழகுக்காகவும் விறகுக்காகவும் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுச் செடிகள் சில, இன்று அந்தக் காட்டையே நெருக்கிக்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றிக் கீழே தனியாகவே எழுதியிருக்கிறேன்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? எதை முதலில் பார்ப்பது நல்லது?

குறைந்தது இரண்டு முழு நாள்கள் தேவை. பூங்காவுக்கு ஒரு காலைப் பொழுதையும் முதுமலைக்கு ஓர் இரவுத் தங்கலையும் ஒதுக்குங்கள். உதகையிலிருந்து காலையில் இறங்கி, வனச் சுற்றுலாவை முடித்துக்கொண்டு அன்று மாலையே மேலே திரும்பிவிடலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பகலின் பெரும்பகுதி கொண்டை ஊசி வளைவுகளிலேயே கழிந்துவிடும். விலங்குகள் நடமாடும் விடியற்காலையும் அந்திப்பொழுதும் கைநழுவிப் போகும். பூங்காவை முதலில் பார்த்துவிட்டுக் காட்டுக்கு இறங்குவதே என் பரிந்துரை.

எந்த மாதங்களில் செல்லலாம்?

பூங்காவுக்கும் காட்டுக்கும் ஏற்ற பருவங்கள் முற்றிலும் ஒன்றல்ல. பூங்காவில் மலர்கள் நிறைந்திருக்கும் காலம் ஏப்ரல், மே மாதங்கள். அதற்கடுத்து, இரண்டாம் சீசன் என்று உள்ளூரில் சொல்லப்படும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள். டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் அந்தக் காட்சிக்கென்றே வருபவர்களும் உண்டு, ஆனால் அப்போது பாத்திகளில் பூக்கள் குறைவு.

முதுமலையில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர் காலம். மரங்கள் மொட்டையாக நிற்பதால் பார்வை தொலைவு வரை செல்லும். விலங்குகளும் நீர்நிலைகளைத் தேடி வரும். இருந்தாலும் அந்த மாதங்கள்தாம் காட்டுத் தீக்கும் காலம் என்பதால் சில ஆண்டுகளில் வனத்துறை சுற்றுலாவை நிறுத்திவைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு அக்டோபரையும் அதையொட்டிய வாரங்களையுமே நான் முன்னிறுத்துவேன். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும். பூங்காவில் இரண்டாம் சீசன் மலர்களும் நிற்கும். கோடைக்காலக் கூட்டமும் இருக்காது. வடகிழக்குப் பருவமழை அப்போது தொடங்கிவிடும் என்பதால், மண்சரிவுச் செய்திகளைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

நீலகிரிக்குச் செல்ல இ-பாஸ் கட்டாயமா?

ஆம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும். அரசுப் பேருந்தில் பயணம் செய்வோருக்கு அது தேவையில்லை. 2025-ஆம் ஆண்டின் கோடையில் வார நாள்களில் 6,000 வாகனங்களுக்கும் வார இறுதியில் 8,000 வாகனங்களுக்கும் மட்டுமே நீலகிரியில் அனுமதி என்று நீதிமன்றம் வரம்பு விதித்தது. எனவே கோடையில் செல்ல நினைப்பவர்கள் விடுதியை முன்பதிவு செய்வதற்கு முன்பே, அந்த ஆண்டின் விதிகளை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பில் பார்த்துவிட்டு, இ-பாஸைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இயன்றவர்கள் பேருந்திலோ, மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை இரயிலிலோ வருவதை நான் வற்புறுத்திச் சொல்வேன். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக 2005-இல் அறிவிக்கப்பட்ட அந்த 46 கிலோமீட்டர் இரயில் பாதையில், அடிவாரத்தின் பாக்குத் தோப்புகளிலிருந்து கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) அடர்ந்த மேல்மலை வரை தாவரங்கள் படிப்படியாக மாறுவதைச் சன்னலோரத்தில் அமர்ந்தே பார்த்துவிடலாம்.

பூங்காவை யார், எதற்காக உருவாக்கினார்கள்?

தொடக்கம் காய்கறியில்தான் இருக்கிறது. உதகையில் குடியேறிய ஐரோப்பியர்கள், தங்களுக்குப் பழக்கமான காய்கறிகள் கட்டுப்படியான விலைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக 1840-களின் நடுவில் சந்தா வசூலித்து ஒரு தோட்டம் போட்டார்கள். அம்முயற்சி நீடிக்கவில்லை. அதன் பின்னர், சென்னை மாகாண ஆளுநராக இருந்த டுவீடேல் பிரபுவின் ஆதரவோடு முறையான தாவரவியல் தோட்டம் ஒன்றை அமைக்க முடிவு செய்யப்பட்டது. இலண்டனின் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இல் இங்கு வந்து பொறுப்பேற்றார். தொட்டபெட்டா மலைச்சரிவில் அவருக்குக் கிடைத்த நிலத்தின் மேற்பகுதி அடர்ந்த காடாகவும் கீழ்ப்பகுதி சதுப்பாகவும் இருந்தது. சதுப்பை வடித்து, சரிவைத் தளம் தளமாக வெட்டி, பாதைகளும் புல்வெளிகளும் அமைத்து முடிக்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின.

மெக்ஐவரின் பெயர் இந்தப் பூங்காவோடு நின்றுவிடவில்லை. மலேரியாவுக்கு அன்று இருந்த ஒரே நம்பகமான மருந்தான குவினைன், தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரின் முயற்சியால் 1860-இல் அம்மரம் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அதை நீலகிரியில் வளர்த்துப் பெருக்கும் பணி மெக்ஐவரிடம் வந்தது. மரத்தை வெட்டிச் சாய்க்காமல் பட்டையை மட்டும் பட்டைபட்டையாக உரித்தெடுத்து, காயத்தைப் பாசியால் மூடிவைத்து, மீண்டும் பட்டை வளரச் செய்யும் முறையை அவர் கையாண்டார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் உருவான சின்கோனாத் தோட்டங்களில் வேலை வாங்குவதற்கென்றே சீனக் கைதிகள் நடுவட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் அடைக்கப்பட்டிருந்த சிறைக்கட்டடம் கூடலூர் சாலையில் இன்றும் இருக்கிறது. பூங்காவின் புல்வெளியில் நிற்கும்போது, உலகின் ஒரு மூலையிலிருந்து செடியும் மற்றொரு மூலையிலிருந்து மனிதரும் பேரரசின் தேவைக்காக இடம்பெயர்க்கப்பட்ட காலத்தின் பிள்ளை இந்தத் தோட்டம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பூங்காவில் எவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும்?

பூங்கா ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்பில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் படிந்திருக்கிறது. வழக்கமாகக் காலை 7 மணி முதல் மாலை 6.30 மணி வரை திறந்திருக்கும். கட்டணம் அவ்வப்போது மாற்றப்படுவதால் அதை நுழைவாயிலில் உள்ள பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். வருவோரில் பெரும்பாலோர் நுழைவாயிலை ஒட்டிய பெரிய புல்வெளியிலும் பூப்பாத்திகளிலும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பூங்காவின் உண்மையான செல்வம் மரங்களே என்பதால், அவற்றுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

கிளை முழுவதும் கூரிய செதில் இலைகள் நெருங்கியிருப்பதால் குரங்கும் ஏற முடியாது என்று சொல்லிக் காட்டப்படும் தென்னமெரிக்க மரம் இங்கே இருக்கிறது. பாட்டில்களுக்கான தக்கை எந்த மரத்தின் பட்டையிலிருந்து வருகிறதோ, அந்த மத்தியதரைக்கடல் நாட்டு ஓக் மரமும் இருக்கிறது. காகிதம்போல் அடுக்கடுக்காக உரியும் பட்டை கொண்ட மரம் ஒன்று குழந்தைகளை உடனே ஈர்த்துவிடும். உரித்துப் பார்க்கும் ஆசையைத் தடுப்பது பெற்றோரின் கடமை, ஏனெனில் ஆளுக்கொரு துண்டு என்று உரித்தால் மரம் தாங்காது. பெரணி இல்லத்தில் சற்று நேரம் நில்லுங்கள். பூவும் விதையும் இல்லாமல், இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றும் தூள்போன்ற நுண்வித்துகளால் (ஸ்போர்) பெருகும் இத்தாவரங்கள், பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உலகில் வாழ்பவை.

அதே காலத்தொலைவை வேறு வகையில் காட்டுவது, கல்லாகிப்போன அடிமரம். அதன் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் திருவக்கரையில் இத்தகைய கல்மரங்கள் நிலத்தில் பரவிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பார்க்காதவர்கள், மரத்தின் வளைய வரிகள் கல்லிலும் அப்படியே நிற்பதை அருகில் சென்று கவனிக்க வேண்டும்.

இத்தாலியப் பாணித் தோட்டத்தையும் கண்ணாடி மாளிகையையும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவை அழகானவை, தவறவிடவே முடியாதபடி வழியிலேயே இருக்கின்றன. ரோஜாப் பூங்கா இதன் பகுதி அன்று. அது நூறாவது மலர்க் கண்காட்சியை முன்னிட்டு 1995-இல் நகரின் வேறோர் இடத்தில் அமைக்கப்பட்டது, நுழைவுச்சீட்டும் தனி.

மலர்க் கண்காட்சி நடக்கும்போது போகலாமா?

மலர் அலங்காரத்தைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் போகலாம். 1896-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சி மே மாதத்தில் நடக்கும். தோட்டக்கலைத் துறையின் ஊழியர்கள் பல மாதங்களுக்கு முன்பிருந்தே தொட்டிகளில் நாற்று வளர்த்து, குறித்த நாளில் மலரும்படி அவற்றைப் பக்குவப்படுத்துகிறார்கள். அந்த உழைப்பு பாராட்டுக்குரியது. மரங்களை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் மட்டும் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பூங்காவுக்கு மேலே தோடர் குடியிருப்பு இருப்பதாகச் சொல்கிறார்களே, அங்கே போகலாமா?

பூங்காவின் மேற்பகுதியைத் தாண்டினால் தோடர் மந்து ஒன்று இருக்கிறது. அது மக்கள் வாழும் ஊர், காட்சிக்கூடம் அன்று. தோட்டமும் ஆளுநர் மாளிகையும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தச் சரிவுகளில் எருமை மேய்த்து வாழ்ந்தவர்கள் தோடர்கள். வளைந்த கூரை கொண்ட அவர்களுடைய கோயிலுக்குள் வெளியார் நுழையக் கூடாது; வீடுகளையும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் அவர்கள் செய்யும் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்க விரும்பினால் அதைச் செய்கிறவர்களிடமே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள், ஒரு சால்வைக்குப் பின்னால் பல வார உழைப்பு இருக்கிறது.

உதகையிலிருந்து முதுமலைக்கு எந்த வழியாகச் செல்ல வேண்டும்?

இரண்டு வழிகள் உள்ளன. தலைகுந்தாவில் பிரிந்து கல்லட்டி, மசினகுடி வழியாக, முதுமலைச் சுற்றுலா வாகனங்கள் புறப்படும் இடமான தெப்பக்காட்டை அடைவது 36 கிலோமீட்டர். அதற்குள் 36 கொண்டை ஊசி வளைவுகள். குறுகிய தொலைவில் ஆயிரம் மீட்டருக்கும் மேலாக இறங்கும் சரிவு அது. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்குவார்கள்; அது சூடேறிப் பிடிக்காமல் போய், உயிர்கள் பலியான விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால் வெளி மாவட்ட வாகனங்கள் கல்லட்டி வழியாகக் கீழே இறங்கக் காவல்துறை அனுமதிப்பதில்லை. மேலே ஏறி வரலாம். கைப்பேசியின் வரைபடம் அந்த வழியைத்தான் முதலில் காட்டும். அதை நம்பித் தலைகுந்தா வரை சென்று திரும்பி வருகிறவர்கள் ஏராளம்.

மற்றொன்று பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழி. ஏறத்தாழ 65 கிலோமீட்டர். நீளமானது என்றாலும் பார்ப்பதற்கு நிறைய உள்ள வழி இதுவே. முக்கூர்த்தி மலைப்பகுதியில் பிறந்து பைக்காராவில் அணையாகத் தேங்கும் ஆறுதான் கீழே இறங்கி, மோயாறு என்ற பெயரோடு தெப்பக்காட்டின் வழியாக ஓடுகிறது. மேலே புல்வெளிகளுக்கு நடுவில் பார்த்த நீரை மாலையில் யானைகள் இறங்கும் துறையில் மறுபடியும் பார்க்கிறோம். இறங்கும்போது சாலை அறிவிப்பில் உள்ளபடி முதல் அல்லது இரண்டாவது கியரில் வாருங்கள். வளைவுகளில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

சொந்த வாகனத்தில் காட்டுக்குள் செல்ல முடியுமா?

முடியாது. பொதுச் சாலையில் கடந்து செல்லலாம். காட்டுப் பாதைகளில் வனத்துறை ஏற்பாடு செய்யும் வாகனங்கள் மட்டுமே செல்லும். அவை தெப்பக்காட்டிலிருந்து காலையிலும் பிற்பகலிலும் புறப்படுகின்றன. புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொண்டால் காத்திருப்பு குறையும். முன்பு நடந்துவந்த யானைச் சவாரி இப்போது இல்லை.

பொதுச் சாலையிலும் வண்டியை நிறுத்துவது, இறங்குவது, ஒலிப்பானை அழுத்துவது, விலங்குகளுக்கு உணவு கொடுப்பது ஆகிய அனைத்தும் தடைசெய்யப்பட்டவை, அபராதம் உண்டு. சாலையோரத்தில் மேயும் புள்ளிமான்களைப் பார்த்து ஒரு வண்டி நின்றால் பின்னால் பத்து வண்டிகள் நிற்கும். சாலையைக் கடக்கக் குட்டியோடு காத்திருக்கும் யானைக்கு இடைவெளியே கிடைக்காது. மிரண்ட யானை விரட்டினால், அந்த வரிசையில் யாரும் பின்னே நகரவும் முடியாது. இரவில் விலங்கு காட்டுவதாகச் சொல்லி மசினகுடிப் பகுதியில் யாராவது ஜீப்புடன் உங்களை அணுகினால் மறுத்துவிடுங்கள்; அது சட்டவிரோதம், பிடிபட்டால் ஓட்டுநரோடு நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கட்டாயம் புலியைப் பார்த்துவிடலாமா? வேறு என்னென்ன விலங்குகள் தென்படும்?

புலியைப் பார்ப்போம் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. முதுமலை 1940-இல் 60 சதுர கிலோமீட்டர் பரப்போடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பிறகு 321 சதுர கிலோமீட்டராக விரிந்து, 2007-இல் புலிகள் காப்பகமானது; சுற்றியுள்ள வெளிவட்டப் பகுதியையும் சேர்த்தால் இன்று ஏறத்தாழ 688 சதுர கிலோமீட்டர். வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூரும் மேற்கே கேரளத்தின் வயநாடும் தொடர்கின்றன. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளத்தின் நடுவே அமைந்த காடு இது. இவ்வளவு பெரிய பரப்பில், மறைந்து வாழ்வதையே இயல்பாகக் கொண்ட ஒரு விலங்கைச் சுற்றுலா வண்டி செல்லும் சில கிலோமீட்டரில் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

யானையும் காட்டுமாடும் புள்ளிமானும் மயிலும் பெரும்பாலும் தென்படும். கடமான், செந்நாய்க் கூட்டம், கரடி, சிறுத்தை ஆகியவை அவரவர் நல்வாய்ப்பைப் பொறுத்தவை. மரங்களின் உச்சியில் நீண்ட வாலைத் தொங்கவிட்டிருக்கும் மலை அணிலைக் காண மேலே பார்க்க வேண்டும். எல்லாரும் தரையையே பார்ப்பதால் அது பலருக்குத் தெரியாமல் போகிறது.

விலங்கு எதுவும் தென்படாத நேரத்தில் காட்டையே பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். கூடலூரை ஒட்டிய மேற்குப் பகுதியில் மழை மிகுதி. கிழக்கே மசினகுடியை நோக்கிச் செல்லச் செல்ல அது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. அதற்கேற்ப, மூங்கிலும் ஈட்டியும் வெண்தேக்கும் ஓங்கிய ஈரமான இலையுதிர்காடு, தேக்கும் கருமருதும் நிற்கும் வறண்ட காடாக மாறி, முடிவில் முட்புதராகிவிடுகிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை மாற்றத்தையும் காட்டும் காடுகள் மிகச் சிலவே. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இங்கே 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்துக்கொண்டு, அதிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டு, 1988 முதல் அவை வளர்வதையும் மடிவதையும் பதிவுசெய்து வருகிறார்கள். வறட்சியும் தீயும் யானையின் மேய்ச்சலும் ஒரு காட்டை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பொறுமையாகக் கணக்கெடுக்கும் அப்பணி, புலியைக் காண்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது என் கருத்து.

தெப்பக்காடு யானை முகாமில் என்ன பார்க்கலாம்?

ஆங்கிலேயர் காலத்தில் மரம் இழுக்கும் வேலைக்காக யானைகளைப் பழக்கிய முகாம் இது. இன்று அந்த வேலை இல்லை. தாயை இழந்த குட்டிகளும், ஊருக்குள் புகுந்து பிடிக்கப்பட்ட யானைகளும் இங்கே பராமரிக்கப்படுகின்றன. பயிர்களை நாடி வரும் காட்டு யானைகளைத் திருப்பி அனுப்பவும் காட்டுக்குள் ரோந்து செல்லவும் பழகிய யானைகள் உதவுகின்றன. காலையிலும் மாலையிலும் உணவு கொடுக்கும் நேரத்தில் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படுகிறார்கள். கேழ்வரகு, கொள்ளு, அரிசி ஆகியவற்றைச் சமைத்து, வெல்லமும் உப்பும் தாதுப்பொடியும் சேர்த்துப் பெரிய கவளங்களாக உருட்டி, ஒவ்வொரு யானையின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற அளவில் வாயில் ஊட்டுகிறார்கள்.

பாகன்களில் பலர் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் போன்ற பழங்குடியினர். தலைமுறை தலைமுறையாக இந்த வேலையில் இருப்பவர்கள். இங்கே குட்டி யானைகளை வளர்த்த தம்பதியரைப் பற்றிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் விருது பெற்ற பிறகு கூட்டம் பெருகிவிட்டது. தடுப்புக் கயிற்றைத் தாண்டாமல், தொட முயலாமல், மெல்லிய குரலில் பேசிக்கொண்டு பார்த்துவிட்டு வரலாம். பாகன்களைத் தேடிப் போய்த் தற்படம் எடுக்கக் கேட்பதும், அவர்களுடைய குடியிருப்புக்குள் நுழைவதும் முறையல்ல.

வழியெங்கும் பூத்திருக்கும் வண்ணப் பூக்களும் மஞ்சள் மரங்களும் என்ன? அவற்றைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறதே?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இதுவே. சாலையின் இரு மருங்கிலும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சிறு பூங்கொத்துகளோடு புதர் புதராக நிற்பது உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாகக் கொண்டுவந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் விதைத்தன. இன்று முதுமலையின் பெரும்பகுதியில் மரங்களுக்குக் கீழே புல் வளர வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொண்டிருக்கிறது. மானும் காட்டுமாடும் இதைத் தின்பதில்லை. இதன் அடர்த்திக்குள் புல்லும் மரக்கன்றும் முளைப்பதில்லை. கோடையில் காய்ந்து நிற்கும்போது, தரையோடு ஓடி அணைந்துவிடக்கூடிய தீயை மரத்தின் உச்சி வரை ஏற்றிவிடுகிறது. நாளொன்றுக்கு 150 கிலோவுக்கும் மேல் தீவனம் தேவைப்படும் யானை, புல் இல்லாத காட்டில் நின்றுகொண்டு எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். ஊருக்குள் யானை வந்துவிட்டது என்ற செய்தியின் பின்னணியில் இந்தப் புதரும் இருக்கிறது.

மரமாக உயர்ந்து, கிளை நுனியெங்கும் மஞ்சள் பூக்களைச் சுமந்து நிற்பது அயல்நாட்டு மஞ்சள் கொன்றை. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்டது. இதை நம்முடைய சரக்கொன்றை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வேறுபடுத்துவது எளிது: சரக்கொன்றையின் பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கும், மஞ்சள் கொன்றையின் கொத்து மேல்நோக்கி நிற்கும். வெட்டினால் அடியிலிருந்து பல கிளைகளாகத் துளிர்ப்பதும், விதைகள் மண்ணில் உறங்கிக் கிடந்து பின்னால் முளைப்பதும் இதை ஒழிப்பதைப் பெரும்பாடாக்குகின்றன. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் வழியாக இம்மரங்களை வெட்டியெடுத்துக் காகிதக் கூழாக்கும் ஏற்பாட்டை அரசு செய்திருக்கிறது. உண்ணிச்செடியின் தண்டைக் கொண்டு கூடலூர் வட்டாரப் பழங்குடியினர் மரச்சாமான்களும் முழு உருவ யானைச் சிற்பங்களும் செய்கிறார்கள்.

பூங்காவில் அயல்நாட்டு மரங்களைப் பார்த்து வியந்துவிட்டு, இங்கே அயல்நாட்டுச் செடிகளைக் குறை சொல்வது முரணல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். வேலிக்குள் நிற்கும் தக்கை மரம் வேலிக்குள்ளேயே நிற்கிறது. அதனால் காட்டுக்குக் கேடில்லை. எந்தச் செடி வேலியைத் தாண்டும் என்பதை அன்று எவரும் கேட்கவில்லை என்பதுதான் குறை. மேல்மலையின் புல்வெளிகளை அயல்நாட்டுச் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் மூடியதும் இதே கதையே.

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு ஆகிய மூன்றும் இன்னும் வாழும் மிகச் சில இடங்களில் மசினகுடி அமைந்துள்ள சீகூர்ப் பீடபூமியும் மோயாற்றுப் பள்ளத்தாக்கும் அடங்கும். வெண்முதுகுப் பாறு ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறது. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் உடலைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து, இந்தியா முழுவதும் அவற்றை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. கூடுள்ள மரங்களைத் தேடிச் செல்லவோ, ட்ரோன் பறக்கவிடவோ கூடாது. காலை வெயில் ஏறிய பிறகு மசினகுடிப் பகுதியின் வானத்தை அண்ணாந்து பாருங்கள். அகன்ற சிறகை அசைக்காமல் வட்டமிடும் பறவைகளைத் தொலைநோக்கியில் அடையாளம் காணலாம்.

எங்கே தங்குவது?

தெப்பக்காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வனத்துறையின் தங்கும் விடுதிகள் உள்ளன, முன்பதிவு தேவை. மசினகுடிப் பக்கம் தனியார் விடுதியைத் தேர்ந்தெடுப்போர், அது முறையான அனுமதியோடு நடக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் சென்றுவரும் வழித்தடம். அதில் கட்டப்பட்ட விடுதிகள் பலவற்றை 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின்படி மூடினார்கள். வழித்தடத்தை அறிவித்த அரசாணையை 2020 அக்டோபரில் அந்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. முகாம் தீ மூட்டுவதையும் இரவில் பாட்டு ஒலிக்கச் செய்வதையும் விளம்பரமாகச் சொல்லும் விடுதிகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரவில் மைசூர் செல்ல முடியுமா?

பந்திப்பூர் வழியே செல்லும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்படும். ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்து வேகமாகக் கடந்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். விலங்குகள் மிகுதியாகச் சாலையைக் கடக்கும் நேரம் அது.

என்ன உடை, என்ன பொருள்கள் கொண்டுவர வேண்டும்?

உதகைக்குக் கம்பளி உடை எல்லா மாதங்களிலும் தேவைப்படும். ஆயிரம் மீட்டருக்கும் தாழ்ந்த முதுமலையிலோ பகலில் வெயில் சுடும். காட்டுக்குப் பச்சை, பழுப்பு, சாம்பல் போன்ற மங்கிய நிறங்களே ஏற்றவை. புல்லில் உண்ணிகளும் மழைக்காலத்தில் கூடலூர்ப் பக்கம் அட்டைகளும் இருப்பதால் முழுக்கால்சட்டையும் காலுறையும் அணிந்து, திரும்பியதும் உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய சில நாள்களில் காய்ச்சல் வந்தால், காட்டுக்குச் சென்றுவந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். பூங்கா சரிவில் இருப்பதால் முதியோரும் மூட்டுவலி உள்ளவர்களும் கீழ்ப்பகுதியோடு நிறுத்திக்கொண்டாலும் புல்வெளியையும் பெரிய மரங்கள் பலவற்றையும் பார்த்துவிட முடியும்.

ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களும் நெகிழித் தண்ணீர்ப் பாட்டில்களும் நீலகிரியில் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. சோதனைச் சாவடியிலேயே எடுத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்தால் வழியில் உள்ள குடிநீர் இயந்திரங்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

பூங்காவிலிருந்தோ காட்டிலிருந்தோ செடி, விதை எடுத்துச் செல்லலாமா?

காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. உதிர்ந்த இறகும் மான் கொம்பும் விதையும் இதில் அடங்கும். மயிலிறகை ஆசையாக எடுத்துக் கொடுக்கும் வழிகாட்டியிடமும் மறுத்துச் சொல்லுங்கள். உதகையின் செடி விற்பனை நிலையங்களில் பூச்செடிகள் வாங்கலாம்; மலைக்குளிரில் வளர்ந்தவற்றில் பல சமவெளி வெயிலில் ஒரு மாதம்கூடத் தாங்காது என்பதால், உங்கள் ஊரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். காட்டையோ ஆற்றையோ ஒட்டி வீடு உள்ளவர்கள், விதையால் எளிதில் பரவும் அயல்நாட்டுப் பூச்செடிகளையும் புல்வகைகளையும் தவிர்த்து, சரக்கொன்றை, நீர்மருது, நாவல் போன்றவற்றின் நாற்றுகளை வனத்துறையின் நாற்றங்காலில் கேட்டுப் பெறலாம். மழைக்காலத் தொடக்கத்தில் கேட்டால் கிடைப்பது எளிது.